தெரிந்த ஆளின் படகு

சாமியறைக்குள் மீன் வெடுக்கு அடித்தது.

விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த தியாகலிங்கம் கையை எடுக்காமல் மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்தார். கற்பூரத்துக்கும் சந்தனக்குச்சிக்கும் கீழே, ஈர வலையைச் சாக்கில் சுருட்டி இரண்டு நாள் மூலையில் போட்டு வைத்தால் எழும்புமே, அந்தப் புளித்த உப்பு வாடை, மெல்லியதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. பிள்ளையார் பெருங்கதை விரதத்தின் இருபத்தொரு நாளில் அன்று இருபதாம் நாள். மீன் சமைக்கும் மச்சச் சட்டிகளை முதல் நாளே கட்டிப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. குசினியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியது அவருடைய கண் முன்னால்தான். இந்த எழுவைதீவில் எத்தனையோ வீடுகளில் மீன் கறியின் வாசம் பனையோலை வேலிகளைத் தாண்டி வரும். அவருடைய வேலியை மட்டும் இருபத்தொரு நாளும் தாண்டாது என்று ஊரே சொல்லும்.

“இஞ்சை, கமலா,” என்று கூப்பிட்டார். “உமக்கு ஏதும் மணக்குதோ?”

கமலாதேவி வாசற்படியில் நின்றபடி முகத்தை நீட்டிப் பார்த்தார். “கற்பூரம் மணக்குது.”

“மீன் வெடுக்கு.”

“விரத வீட்டிலை மீன் எங்காலை வாறது? இருபது நாளா ஒரு நேரச் சோத்தோடை கிடக்கிறியள். உங்களுக்குப் பசி மணக்குது.”

மனைவி சிரித்துக்கொண்டு போய்விட்டார். தியாகலிங்கம் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, எழுபத்து நான்கு வயது முழங்காலை ஊன்றி, தரையைத் தானே இரண்டு தரம் துடைத்தார். மேற்குக் கரையில் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. காற்றோடு வந்திருக்கலாம் என்று எண்ணி யன்னலைத் திறந்தார். காற்றே இல்லை. வெளியே பனைகளின் ஓலைகள், மார்கழி மாதத்தில் ஒரு கணமும் சும்மா இராத ஓலைகள், தொங்கவிட்ட துணிபோல அசையாமல் கிடந்தன.

குசினியில் வானொலி மீண்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. வங்காள விரிகுடாவில் உருவான புயல், அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள், நாளை வடக்குக் கரையைக் கடக்கலாம். இன்று மாலையிலிருந்து தீவுப் பகுதிகளில் கடும் காற்று வீசலாம்.

காலை ஏழரை மணிக்கு லவனிடமிருந்து அழைப்பு வந்தது. நோர்வேயிலிருந்து மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை விடுமுறைக்கு வந்திருந்த மகன், நான்கு நாளாகப் புளியங்கூடலில் மனைவியின் மாமி வீட்டில் நின்றான். அங்கிருந்து ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பத்து நிமிடம். இறங்குதுறையிலிருந்து இந்தத் தீவுக்குப் படகில் முக்கால் மணித்தியாலம்.

“அப்பா, ரேடியோ கேட்டனீங்களோ?”

“கேட்டனான்.”

“என்ன செய்யிறது? புயல் போகட்டும், ரெண்டு நாள் கழிச்சுப் போங்கோ எண்டு இஞ்சை மாமி சொல்லுறா.”

“ரெண்டு நாள் கழிச்சு வந்து என்ன செய்யப்போறாய்? கோயிலிலை காஞ்ச மாலை கூட்டவோ?”

பின்னால் மருமகள் பிரியவதனியின் குரல் கேட்டது. “மாமாவுக்குப் பிள்ளையாரைவிட உபயம் பெரிசு.”

“அவவுக்குச் சொல்லு,” என்றார் தியாகலிங்கம், “கழுத்தளவு பனியிலை வேலைக்குப் போற ஆள் இந்தக் காத்துக்குப் பயப்பிடுறா எண்டு.”

“அவவுக்குப் பயம் பிள்ளையை நினைச்சு, அப்பா. நிலாவுக்கு ஏழு வயசு, கடல் பழக்கமில்லை. நீங்கள் அங்கை நிக்கிறியள். கடலைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. வா எண்டா வாறம். வேண்டாம் எண்டா நிக்கிறம். நீங்கள் சொல்லுறதுதான்.”

நீங்கள் சொல்லுறதுதான். அந்தச் சொல் தியாகலிங்கத்துக்கு இதமாக இருந்தது.

நாளை பெருங்கதையின் கடைசி நாள்; அன்றைய பூசையைச் செய்விக்கும் உபயம் நான்கு தலைமுறையாக அவர்களுடையது. ஆனால் போன ஆவணியில் கோயில் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் உபயகாரர், இந்த வருடம் வாரிசைக் கொண்டுவந்து சங்கற்பத்துக்கு நிறுத்தவேண்டும்; நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் உபயம் வேறு ஆட்களுக்குப் போகும். அன்று கூட்டத்தில் முதலில் எழும்பி நின்றவர் தியாகலிங்கம்தான். “என்ரை பெடியன் வந்து நிப்பான். எழுதுங்கோ,” என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

கடலைப் பார்க்கப் போனார்.

இறங்குதுறையில் மேற்குக் கரை மீனவன் அம்புறோஸும் வேறு இரண்டு பேரும் படகுகளைக் கரைக்கு இழுத்துக் கொண்டிருந்தார்கள். தோணிகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. ஒரு அலை இல்லை. தூரத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் வானமும் நீரும் ஒரே ஈய நிறத்தில் ஒட்டிக் கிடந்ததால், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

“கடல் நல்லாத்தானே கிடக்கு,” என்றார்.

அம்புறோஸ் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உந்த அமைதி கூடாது, ஐயா. அடியிலை இழுவை கிடக்கு. காலை வைச்சுப் பாருங்கோ, தெரியும்.”

“ரெண்டு மணிப் படகு ஓட்டம் இருக்கோ?”

“நேவி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா என்ரை பிள்ளையள் எண்டா நான் ஏத்தமாட்டன்.”

அவன் பேசிய தொனி தியாகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு நாளாகவே அவன் இப்படித்தான், ஐயா என்ற சொல்லைச் சரியாகச் சொல்லிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு படலைக்கு வெளியே நின்று அவன் சொன்னது இதுதான்: “ஐயா, பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின்ரை உடம்பு கரை ஒதுங்கியிருக்கு. நாளைக்குப் பின்னேரம் அடக்கம். மேரிறோஸ் அக்கா உங்களுக்கு அறிவிக்கச் சொன்னவ.”

பஸ்ரியாம்பிள்ளை என்பது நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு ஏற்றுக்கொண்ட பெயர். அதற்கு முன்பு அவன் சிவபாதம். தியாகலிங்கத்துக்கு நேரே இளையவன். கடற்றொழில் செய்யும் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பெண் மேரிறோஸைக் கூட்டிக்கொண்டு பேசாலைக்குப் போனான். அங்கே ஞானஸ்நானம் எடுத்தான். மாமனாரோடு வலை இழுத்தான். லவன் பிறந்தது அதற்குப் பிறகு. தனக்கு ஒரு சித்தப்பா இருந்தது அவனுக்குத் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்பு சிவபாதம் மனைவியோடு இந்தச் சின்னத் தீவின் மேற்குக் கரைக்கே வந்து குடியேறியபோது, லவன் நோர்வேயில் இருந்தான். சகோதரர் இருவரும் ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வந்தால் மூத்தவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஊருக்கு எல்லாம் தெரியும். ஊர் அதை அவருக்கு முன்னால் சொல்லாது. அதற்குப் பெயர்தான் மரியாதை.

தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கடல் உடம்பைத் தந்தது. படகைத் தரவில்லை.

கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசலை மிதிக்க இயலாது. விரதம் பாதியில் நிற்கும். உபயம் நிற்கும். வாரிசு வந்து நின்றாலும் வாரிசுக்கும் அதே துடக்கு.

தியாகலிங்கம் அன்று அம்புறோஸிடம் சொன்னார்: “அப்பிடி ஒருத்தரும் எங்களுக்கு இல்லை. நீ வீடு மாறி வந்திட்டாய்.”

மறுநாள் பின்னேரம், வெள்ளை உடுத்திக் கையில் செபமாலை சுற்றிய உடம்பை அடக்கத்துக்குக் கொண்டுபோகத் தேவாலய மணி துக்கத்துக்கு அடித்தபோது அவர் கோயிலில் இருந்து கதை கேட்டார். கமலாதேவி அன்றிரவு ஒரே ஒரு தரம், “துடக்கெல்லோ...” என்று தொடங்கினார். “வேதத்துக்குப் போனவனுக்கு எங்களோடை என்ன துடக்கு?” என்று கேட்டார் அவர். அதோடு முடிந்தது.

இறங்குதுறையை விட்டுத் திரும்பும் வழியில் லவனுக்கு எடுத்தார். “கடல் குளம் மாதிரிக் கிடக்கு. ரெண்டு மணி ஓட்டத்துக்கு வாங்கோ.”

அடியில் இழுவை இருப்பதை அவர் சொல்லவில்லை. அவர் காலை வைத்துப் பார்க்கவில்லைத்தானே.

வீட்டுக்கு வந்தபோது வெடுக்கு சாமியறையில் இல்லை. விறாந்தையைத் தாண்டி நடு அறைக்கு வந்திருந்தது. வருகிறவர்கள் உட்காரும் இரண்டு கதிரைகளில் ஒன்றின் கீழே, சிவப்புச் சீமெந்துத் தரையில், கையகல ஈரம். ஓடு ஒழுகியிருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தார். மழை பெய்யவே இல்லை. குனிந்து விரலால் தொட்டார். அந்த விரலை நாக்கில் வைக்கத் தோன்றியது ஏன் என்று அவருக்கே தெரியாது. வைத்தார். உப்பு.

கமலாதேவி காணும் முன், தோளிலிருந்த துவாயால் துடைத்தார். துடைத்த இடத்தில் சீமெந்து கறுத்து, சிறிது நேரத்தில் மெல்ல மீண்டும் பளபளத்தது.

மதியத்துக்குப் பின் வெளிச்சம் மாறியது. கிழக்கிலிருந்து பித்தளை நிறத்தில் ஒரு மங்கல் வந்து வளவுக்குள் இறங்கி, மனிதருடைய முகம், கிணற்றுக்கட்டு, வாழை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. அதன் பிறகு காற்று தொடங்கியது. முதலில் பனை உச்சிகளில் மட்டும், பிறகு வேலி ஓலைகளில், பிறகு கூரை ஓடுகளின் அடியில், யாரோ விரல் நுழைத்துத் தூக்கிப் பார்ப்பதுபோல. இரண்டு மணிக்குச் சற்று முன் தேவாலய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடற்படை படகுச் சேவையை நிறுத்திவிட்டது. கரையோரத்து ஆட்கள் பாடசாலைக்குப் போகவேண்டும்.

வரமாட்டார்கள். நெஞ்சில் ஏதோ ஒன்று முதலில் இளகியது. அந்த இளக்கத்தை அவர் உடனே வெறுத்தார். நான்கு தலைமுறை. நாளைக்குச் சங்கற்பத்தில் அவர் தனியாக நிற்கும்போது யார் யார் வாய்க்குள் சிரிப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது.

இரண்டரைக்குக் கோயில் மனேச்சர் நல்லைநாதன் வந்தார். குடை முன்பே காற்றில் புரண்டு போயிருந்தது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஒரு கதிரையில் உட்காரப் போய், கையை வைத்துவிட்டு எடுத்தார்.

“உது ஈரமாக் கிடக்கு.”

“மற்றதிலை இருங்கோ.”

மற்றதில் உட்கார்ந்து கொப்பியை விரித்தார். “புயலெண்டாலும் பூசை நிக்காது. ஐயர் கோயிலடியிலைதானே இருக்கிறார். பேர், நட்சத்திரத்தை எழுதுவம். பெடியன் வாறாரோ?”

“வருவான்.”

“ஓட்டம் நிப்பாட்டியாச்செல்லோ?”

“வருவான் எண்டு சொன்னனான்.”

நல்லைநாதன் பேனையைத் திறந்து காகிதத்தில் வைத்தார். ஒவ்வொரு உபயகாரரிடமும் கேட்கும் கேள்விதான். ஆனால் கேட்டபோது அவர் கண் உயர்ந்து தியாகலிங்கத்தின் முகத்தில் நின்றது. “வேறை... துடக்கு ஒண்டும் இல்லைத்தானே, அண்ணை?”

நல்லைநாதனுக்கு எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது தியாகலிங்கத்துக்கும் தெரியும். காற்று கூரை ஓட்டை ஒருமுறை தூக்கிப் போட்டது.

“இல்லை.”

பேனை எழுதியது. அப்போது தொலைபேசி அடித்தது.

“அப்பா.” லவனின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. “இஞ்சை ஜெற்றியிலை நிக்கிறம். ஓட்டம் இல்லையாம்.”

“தெரியும்.”

“திரும்பிப் போக வெளிக்கிட்டனாங்கள். அப்பத்தான் ஒராள் வந்தவர். கண்டல் பத்தைக்குப் பக்கத்திலை படகைக் கட்டியிருக்கிறார். கொண்டுவந்து விடுறன் எண்டுறார்.”

“ஆராம்?”

“எழுவைதீவு ஆள்தானாம். உங்களை நல்லாத் தெரியுமாம்.” லவன் சிரித்தான். “அப்பா, பிரியா சொல்லுறா, ஆள் அப்பிடியே உங்களை உரிச்சு வைச்ச மாதிரி எண்டு. எனக்கும் ஒருக்காத் திடுக்கிட்டுப் போச்சு. அந்த மூக்கு, அந்த நிமிந்த நிலை. கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான்.”

தியாகலிங்கத்தின் கால்களுக்குக் கீழே தரை குளிர்ந்தது. கீழே பார்க்கவில்லை.

“என்ன உடுத்திருக்கிறார்?”

“ஏன் கேக்கிறியள்? வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி. கலியாணத்துக்குப் போற ஆள் மாதிரி. கையிலை செபமாலை சுத்தியிருக்கு. ஆனா முழுக்க நனைஞ்சு வடியுது.”

“அங்கை மழையோ?”

“இன்னும் ஒரு துளியும் இல்லை.”

நல்லைநாதன் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல் இருந்தார். அவருடைய பேனையும் எழுதவில்லை.

“பேரென்ன எண்டு கேள்.” அது தன் குரல்தானா என்று தியாகலிங்கத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

“கேட்டனான். ‘உன்ரை அப்பரிட்டைக் கேள், அவர் சொல்லுவார்’ எண்டு சிரிக்கிறார். ஆரப்பா இவர்?”

சொல்லலாம். அவன் செத்தவன், ஏறாதை. மூன்று சொல். ஆனால் செத்தவன் என்றால், யார் செத்தது? எப்போது? உனக்கு என்ன முறை? எதிரே ஒரு முழம் தள்ளி, காது கொடுத்துக்கொண்டு நல்லைநாதன்; அவர் கையில், இல்லை என்று இப்போதுதான் எழுதிய கொப்பி.

தொலைபேசியில் சின்னக் குரல் நுழைந்தது. “அப்பப்பா! இந்தத் தாத்தா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ஐஸ் மாதிரி. விடச் சொல்லுங்கோ.”

“சும்மா இரு, நிலா,” என்றது பிரியவதனியின் குரல். “லவன், எனக்கு விருப்பமில்லை. மாமாட்டைக் கேளும், இவர் ஆர் எண்டு. மாமா தெரியும் எண்டாத்தான் நான் ஏறுவன்.”

“அப்பா? தெரிஞ்ச ஆளோ? ஏறட்டோ?”

நல்லைநாதன் தலையை நிமிர்த்தினார்.

“ஓம்,” என்றார் தியாகலிங்கம். “தெரிஞ்ச ஆள்தான்.”

அதற்குப் பின் இன்னொரு வசனம் இருந்தது. ஆனால் ஏறாதை. ஏறாமல் மாமி வீட்டுக்குத் திரும்பிப் போ. அது தொண்டைவரை வந்துவிட்டது என்றுதான் அவர் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டார். மூச்சை எடுத்தார். தொலைபேசி ஊமையாயிற்று. திரையில் சிக்னல் கோடுகள் ஒன்றுமில்லை.

“அப்ப வருகினம்,” என்றார் நல்லைநாதன். கொப்பியை மூடினார். “நல்லது.” எழும்பி, புரண்ட குடையைக்கூட எடுக்காமல், காற்றுக்குள் வேகமாக நடந்தார்.

கமலாதேவி குசினி வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“ஆர் கூட்டிக்கொண்டு வாறது?”

அவர் தொலைபேசித் திரையைத் துவாயால் துடைத்தார்.

“உங்களைத்தான் கேக்கிறன். ஆர்?”

“தெரிஞ்ச ஆள்.”

“உங்கடை முகத்தைப் பாத்தா எனக்கு...” கமலாதேவியின் கை சுவரைத் தேடியது. “எடுங்கோ. திருப்பி எடுங்கோ. வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சிவபாதம் செத்தவர் எண்டு சொல்லுங்கோவன்! உங்கடை வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோவன்!”

அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் நாற்பத்து மூன்று வருடமாகக் கேட்டதில்லை. கேட்ட கணத்தில் ஈரக் கதிரை கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழும்பினால் கிறீச்சிடுமே, அப்படி.

எடுத்தார். எடுத்தார். ஒவ்வொரு தரமும் ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் அமைதியாக, நீங்கள் அழைத்தவரைத் தொடர்புகொள்ள முடியாது என்றது.

குடை இல்லாமல் வெளிக்கிட்டார்.

மழை வந்துவிட்டது. பக்கவாட்டில் வந்தது, கல்லெறி மாதிரி. நான்கு மணிகூட ஆகவில்லை. ஆனால் ஒழுங்கை இருண்டு கிடந்தது. வேலி ஓலைகள் பிய்ந்து முகத்தில் அடித்தன. ஒரு பனை முறியும் சத்தம். எங்கே என்று தெரியவில்லை. அவர் தனியாக நடக்கவில்லை என்று தோன்றியது. ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில், எதிர்த் திசையில், வேலியோரமாக ஒருவர் தன்னைக் கடந்து வீட்டுப் பக்கம் போவதுபோல. பார்க்கக்கூடாது. பழக்கத்தில் வேலியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இறங்குதுறையில் அம்புறோஸ் மட்டும் நின்றான். கடைசிப் படகின் கயிற்றைத் தென்னையில் சுற்றிக்கொண்டிருந்தான். கடல் எழும்பி நின்றது. சாம்பல் நிற மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, துறையின் மரப்பலகைகளுக்கு மேலாக வந்து உடைந்தன.

“ஐயா! இஞ்சை என்ன செய்யிறியள்? பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ!”

“என்ரை பிள்ளையள் வருகினம்.”

“எதிலை?”

“ஒரு படகிலை. ஊர்காவற்றுறையிலை இருந்து.”

அம்புறோஸ் கயிற்றை விட்டான். “ஆற்றை படகிலை? இண்டைக்கு ஆர் வெளிக்கிட்டது?”

தியாகலிங்கம் வாயைத் திறந்தார். மழை உள்ளே போனது.

“ஐயா, படகின்ரை பேரைச் சொல்லுங்கோ. ஓட்டியின்ரை பேரைச் சொல்லுங்கோ. நான் நேவிக்காரருக்குச் சொன்னா அவங்கள் தேடுவாங்கள். ஆர் ஓட்டுறது?”

“தெரியாது.”

“தெரியாத ஆளோடையோ பிள்ளையளை ஏத்தினியள்?”

“தெரியாது எண்டு சொல்லுறன்!”

அம்புறோஸ் அவரை நேராகப் பார்த்தான். பன்னிரண்டு நாளில் முதல் தரம். பிறகு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, கடற்படைக் காவலரணை நோக்கி நான்கடி ஓடி, நின்று, திரும்பினான். ஓடிப்போய் அங்கே என்ன சொல்வது?

அப்போது தியாகலிங்கம் கண்டார்.

படகு வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. மேடுகளுக்கு நடுவே, மேடுகளில் ஏறாமல், இறங்காமல், நேராக. முன் பலகையில் லவன். அவனுக்குப் பக்கத்தில் பிரியவதனி. நடுவில் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட குழந்தை. பின்னால், நிமிர்ந்து, வெள்ளையாக ஒருவர் நின்றார். யாரும் எதையும் பிடித்திருக்கவில்லை. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு காற்றில் பிரியவதனியின் தலைமயிர் ஒன்றுகூட அசையவில்லை.

“லவன்!”

மகன் முகத்தைத் திருப்பினான். படகு ஒரு நீளம் கிட்ட வந்தது.

“பிரியா!”

மருமகளும் திரும்பினாள். இன்னொரு நீளம்.

“நிலா! நிலா!”

குழந்தை கையை உயர்த்தி ஆட்டியது. படகு வந்து நின்றது. ஒரு கயிறு எறிந்தால் எட்டும் தூரம். அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் நின்றவர் காத்திருந்தார். வெள்ளைச் சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. முகம் தியாகலிங்கத்தின் முகம். கோபம் இல்லை. அழுகை இல்லை. தன் முறை வரட்டும் என்று வரிசையில் நிற்கும் ஒருவருடைய பொறுமை மட்டும்.

ஒரு பெயர். இன்னும் ஒரே ஒரு பெயர்.

“ஐயா.” தோளுக்குப் பின்னால் அம்புறோஸின் குரல். “ஆரைக் கூப்பிடுறியள்? அங்கை ஒண்டுமில்லை, ஐயா. வெறுங்கடல்.”

நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. அப்போது அவர் திரும்பிப் பார்த்தார். அம்புறோஸ் எவ்வளவு கிட்ட நிற்கிறான், அவனுக்குக் கேட்குமோ என்று. அவ்வளவுதான். ஒரு கண்வெட்டு.

திரும்பினார்.

படகு அதே இடத்தில் இருந்தது. ஆனால் தாழ்ந்திருந்தது. விளிம்பு தெரியவில்லை. தண்ணீர் அவர்களுடைய மடியில் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

“சிவபாதம்!” என்று கத்தினார். “தம்பி! சிவபாதம்! என்ரை தம்பி!”

தீவு முழுக்கக் கேட்டிருக்கும்.

நின்றவர் தலையை ஒருமுறை அசைத்தார். கேட்டது என்பதுபோல. கயிற்றை எடுக்கவில்லை.

இடுப்பு. மார்பு. மேடுகள் அவர்களைச் சுற்றி இடிந்தன, அவர்களைத் தொடவில்லை. நால்வரும் ஒரே மட்டத்தில், நேராக, ஆறுதலாக, ஒரு மாடியிலிருந்து கீழ் மாடிக்கு இறக்கப்படுவதுபோல. கழுத்து. வாயைத் தண்ணீர் மூடும்வரை சிரித்தார்கள். வாய் மூடிய பிறகும் கண்கள் சிரித்தன. செம்மஞ்சள் சட்டை மிதக்கவில்லை.

அம்புறோஸ் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். எங்கோ தொலைவில் ஏதோ சொன்னான்.

சின்னக் கை ஒன்று மட்டும் தாழவில்லை.

அலை வந்து மூடியது. அலை போனது. கை நின்றது. இன்னொரு அலை. இன்னொன்று. கை நின்றது.

ஆட்டிக்கொண்டிருந்தது என்றுதான் முதலில் நினைத்தார்.

இல்லை. விரல்கள் உள்ளே மடிந்தன. விரிந்தன. மடிந்தன.

அவரைக் கூப்பிட்டன.